வீட்டுக்குளம் உறைந்துபோனால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

கையில் சுத்தியலோ கடப்பாரையோ இருந்தால் அதை முதலில் கீழே வையுங்கள், அப்புறம் படியுங்கள். குளம் மூடிக் கிடப்பதைப் பார்த்ததும் ஓங்கி ஒரு அடி போடத்தான் கை வரும். நானும் முதல் குளிர்காலத்தில் அதைத்தான் செய்தேன். அந்த அடி பனிக்கட்டியோடு நிற்பதில்லை. தண்ணீர் வழியாக நேரே கீழே இறங்கி, அடியில் அரைத்தூக்கத்தில் கிடக்கும் மீன்களின் காற்றுப்பைவரை உலுக்கிவிடும். மறுநாள் இரண்டு தங்கமீன்கள் மல்லாந்து கிடந்தன. பனி மூடியதால்தான் செத்தன என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே சொல்வதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குளத்துக்கு. சில நூறு லிட்டரிலிருந்து பத்தாயிரம் லிட்டர்வரை, ரப்பர் லைனரோ (பள்ளத்தில் விரிக்கும் ரப்பர் விரிப்பு) சிமெண்டோ ஃபைபர் தொட்டியோ எதுவானாலும் சரி, உள்ளே தங்கமீன் அல்லது கோய் என்கிற வண்ணக் கெண்டை, கூடவே கொஞ்சம் அல்லி. உங்கள் குளத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம், இது புரிந்துவிட்டால் கீழே வருவதில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகி மேலே வந்துவிடும். அதனால்தான் குளம் மேலிருந்து உறைகிறது. அடியில் 4 டிகிரியை ஒட்டிய தண்ணீர் ஒரு மெத்தை மாதிரி தங்கிவிடுகிறது. மீன்கள் குளிர்காலம் முழுக்க அந்த மெத்தையில்தான் படுத்திருக்கும். நமக்கு வேலை இரண்டுதான்: மெத்தையைக் கலைக்காமல் விடுவது, மேலே காற்று போய்வர ஒரு ஓட்டை வைத்திருப்பது. குளத்தைச் சூடாக்கும் வேலையை யாரும் நம்மிடம் கொடுக்கவில்லை.

குளம் முழுக்க மூடிவிட்டது, ஒரு ஓட்டைகூட இல்லை

பதற வேண்டாம். மீன் குறைவாகவும் அடியில் குப்பை இல்லாமலும் இருக்கிற குளம் ஒன்றிரண்டு நாள் மூடிக் கிடந்தால் ஒன்றும் ஆகாது. அடியில் இலை நிறைய அழுகிக்கொண்டிருந்தாலோ மீன் நெருக்கமாக இருந்தாலோ பனிக்கட்டிக்கு மேல் தூள்பனியும் குவிந்திருந்தாலோ நாளை எண்ண வேண்டாம், இன்றே திறங்கள்.

தட்டையான அடி கொண்ட ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பனிக்கட்டியின் மேல் வையுங்கள். கைப்பிடியில் கயிறு கட்டி மறுமுனையைக் கரையில் எதிலாவது முடிந்துவிடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: பனி உருகி முடிந்ததும் பாத்திரம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும், அதை எடுக்க 2 டிகிரித் தண்ணீரில் தோள்வரை கையை விட வேண்டியிருக்கும். தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருங்கள். ஐந்து சென்டிமீட்டர் தடிமன் என்றால் நாலைந்து முறை மாற்றவேண்டி வரலாம். பனிக்கட்டி பத்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் இந்த முறை சலிப்பூட்டும்; அப்போது கையால் சுற்றும் துளைப்பானை வைத்து மெதுவாகத் துளை போடலாம், சுற்றித் துளைப்பதில் அடிப்பது போன்ற அதிர்ச்சி கிடையாது. லைனர் குளமாக இருந்தால் கரையோரம் துளைக்காதீர்கள், ஆழமான இடத்துக்கு நேர் மேலே துளைக்கலாம். அங்கே எட்டிப்பிடிக்க முடியவில்லை என்பதற்காகப் பனிக்கட்டியின் மேல் ஏறி நிற்கிற வேலை மட்டும் வேண்டாம். ஒரு பலகையைக் குளத்தின் இரு கரைகளிலும் படும்படி போட்டு அதன்மேல் இருந்து செய்யுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு.

சின்னக் குளத்துக்கு 30 சென்டிமீட்டர் அகல ஓட்டை ஒன்று போதும். உப்பைத் தூவி உருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நடைபாதைக்குச் சரி, குளத்துக்கு ஆகாது: உருகிய உப்புத்தண்ணீர் கனமானது, நேராக அடியில் மீன் படுத்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும், செடிகளையும் கருக்கும். கார் ரேடியேட்டரில் ஊற்றுகிற ஆன்டிஃப்ரீஸ் பற்றிப் பேச்சே வேண்டாம், அது விஷம்.

திறந்த ஓட்டை ராத்திரிக்குள் மூடிக்கொள்ளும், அதனால் ஒரு ஏர் பம்போ மிதக்கும் ஹீட்டரோ இல்லாமல் தீராது. அவை இருந்தும் மூடுகிறது என்றால் அடுத்த தலைப்பு.

ஹீட்டர் ஓடுகிறது, ஓட்டை மட்டும் சுருங்கிக்கொண்டே வருகிறது

முதலில் ஹீட்டர் நிஜமாகவே ஓடுகிறதா என்று பாருங்கள். மிதக்கும் ஹீட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளேயே தெர்மோஸ்டாட் உண்டு, தண்ணீர் உறைநிலையை நெருங்கினால்தான் அது ஆன் ஆகும். வீட்டுக்குள் கொண்டுவந்து பிளக்கில் சொருகி, தொட்டுப் பார்த்துவிட்டுச் சூடாகவில்லை, கெட்டுப்போச்சு என்று தூக்கிப்போட்டவர்கள் உண்டு. ஒரு வாளியில் பாதி பனிக்கட்டியும் பாதித் தண்ணீருமாக நிரப்பி ஹீட்டரை மிதக்க விட்டு கால்மணி நேரம் ஓட்டுங்கள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அதைச் சுற்றிப் பனி உருகியிருந்தால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது.

ஹீட்டர் நன்றாக இருந்தும் ஓட்டை சுருங்குகிறது என்றால் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 300 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் தருவது 1,080 கிலோஜூல். அதாவது ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டால் மணிக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 2 மீட்டருக்கு 3 மீட்டர் குளத்தில் பத்து சென்டிமீட்டர் தடிமனுக்குப் பனி பிடித்தால் அதன் எடை ஏறக்குறைய 550 கிலோ. 1,500 வாட் ஹீட்டரை வைத்தாலும் அதை முழுக்க உருக்க 34 மணி நேரம் ஆகும், அதுவும் காற்றுக்கு ஒன்றும் போகாமல் இருந்தால். நிஜத்தில் பாதிக்கு மேல் காற்றுக்குத்தான் போகும். 1,500 வாட்டை நாள் முழுக்க ஓட்டினால் 36 யூனிட், 300 வாட் என்றால் 7 யூனிட் சொச்சம். ஆகவே பெரிய ஹீட்டரைத் தேடி அலைய வேண்டாம். இருக்கிற ஹீட்டரின் வெப்பம் எங்கே வீணாகிறது என்று தேடுங்கள்.

பெரும்பாலும் காற்றில்தான் போகிறது. காற்று அடிக்கிற பக்கம் ஒரு பலகைத் தடுப்போ வைக்கோல் கட்டோ வைத்தால் வித்தியாசம் அன்று ராத்திரியே தெரியும். ஹீட்டர் கட்டாமல் விடப்பட்டு ஓரமாக மிதந்து போய்க் கரையில் ஒண்டிக்கொண்டிருக்கலாம், அப்படியானால் மீன்பிடி நூலால் இரண்டு பக்கமும் கட்டி ஆழமான இடத்துக்கு மேல் நிறுத்துங்கள். பக்கத்திலேயே பம்பில் ஓடும் அலங்கார அருவி ஓடிக்கொண்டிருந்தால் அது ஒரு பக்கம் குளிர்விக்க, இது ஒரு பக்கம் சூடாக்க, இரண்டுக்கும் நீங்கள் கரண்ட் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஹீட்டர்மேல் சுண்ணாம்புப் படிவு தடித்திருந்தால் வினிகரில் ஊறவைத்துத் துடைக்கலாம்.

ஹீட்டரைப் போட்டாலே ட்ரிப் ஆகிறது

ட்ரிப் ஆவது நல்லது. எங்கோ கரண்ட் கசிகிறது, ஆர்சிடி (கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் ஸ்விட்ச்) அதைப் பிடித்துவிட்டது. எரிச்சலில் ஆர்சிடி இல்லாத பிளக்குக்கு மாற்றிப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, எக்ஸ்டென்ஷன் கயிற்றின் இணைப்பைப் பாருங்கள்: பனி உருகிய ஈரம் அதில் இறங்கியிருப்பதே பாதிக் கேஸ்களில் காரணம். துடைத்துக் காயவைத்து, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேரடியாகச் சொருகிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் ஒயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள், எலி கடித்த இடம் அகப்படும். ஒட்டுப்போட்ட ஒயர் தண்ணீருக்குள் போகக்கூடாது, ஹீட்டரையே மாற்ற வேண்டியதுதான்.

ஏர் பம்ப் உறுமுகிறது, குமிழி வரவில்லை

பம்ப் முனையில் குழாயைக் கழற்றி விரலை வைத்துப் பாருங்கள். காற்று வந்தால் கோளாறு குழாயில் அல்லது ஏர் ஸ்டோனில் (குழாய் முனையில் மாட்டி, காற்றைச் சின்னக் குமிழிகளாகப் பிரிக்கும் நுண்துளைக் கல்). வராவிட்டால் பம்பில்.

குழாய் என்றால் பத்தில் ஒன்பது தடவை உள்ளே தண்ணீர் உறைந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பம்பை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ வைத்திருந்தால், அது வெதுவெதுப்பான ஈரக்காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய்க்குள் தள்ளுகிறது. ஈரம் குழாய்ச் சுவரில் வியர்த்து, குழாய் எங்கே தொய்ந்து கிடக்கிறதோ அங்கே தேங்கி உறைகிறது. குழாயைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து உருகவிட்டு ஊதித் தள்ளுங்கள், திரும்பப் போடும்போது பம்பிலிருந்து குளம்வரை ஒரே சரிவாக, நடுவில் தொய்வே இல்லாமல் போடுங்கள். இதைச் செய்தபின் எனக்கு அந்தத் தொல்லை திரும்ப வரவில்லை. பம்பை வெளியிலேயே, காற்றோட்டமுள்ள ஒரு பெட்டியில், தரையிலிருந்து தூக்கி வைப்பது இன்னும் நல்லது.

இன்னொரு வழியாகவும் தண்ணீர் வரும். பம்ப் குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரண்ட் போன நேரத்தில் குளத்துத் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து பம்புக்குள்ளேயே புகுந்துவிடும். பம்பை மேலே ஏற்றுங்கள், முடியாவிட்டால் ஒரு ஒருவழி வால்வு போடுங்கள், விலை அற்பம்.

குழாயில் அடைப்பு இல்லை என்றால் ஏர் ஸ்டோனைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மட்டும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அதில் குமிழி வந்தால் ஸ்டோனில் சுண்ணாம்பு அடைத்திருக்கிறது, புதிது போட்டுக்கொள்ளலாம். பம்பிலேயே காற்று இல்லையென்றால் முதலில் அதன் அடியில் இருக்கும் பஞ்சைப் பாருங்கள், அதில் பனி படிந்து மூச்சை அடைத்திருக்கும். பஞ்சு சுத்தமாக இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதைத் தனியாக வாங்கி மாற்றலாம், பம்பையே தூக்கிப்போட வேண்டாம்.

குமிழி வருகிறது, ஆனால் அதன்மேல் பனிக் கூடாரம் கட்டிக்கொண்டிருக்கிறது

கடுங்குளிரில் குமிழி தெறிக்கும் துளிகள் ஓட்டையின் விளிம்பில் உறைந்து, நாளடைவில் கவிழ்த்த சட்டி மாதிரி மேலே மூடிவிடும். பார்க்க அழகாக இருக்கும். மூடிய கூடாரத்துக்குள் காற்று அடைபட்டுவிட்டால் வாயு வெளியே போவது நின்றுவிடும், அதனால் வெந்நீரை ஊற்றி ஒரு பக்கம் திறந்துவிடுங்கள். தெர்மோகோல் பெட்டியின் மூடியில் கை நுழைகிற அளவு துளை போட்டு, ஏர் ஸ்டோனுக்கு நேர் மேலே மிதக்கவிட்டு நான்கு மூலையிலும் கட்டினால் இது அவ்வளவாக வராது. ஹீட்டர் வைத்திருக்கும் இடத்தில் மட்டும் தெர்மோகோலை ஒட்டி வைக்க வேண்டாம், இளகிவிடும்.

குமிழி ஜோராக வருகிறது, அருவியும் ஓடுகிறது, ஆனால் மீன் சாய்ந்து கிடக்கிறது

நல்லது செய்வதாக நினைத்து நாமே வரவழைக்கும் கோளாறு இது. ஆக்சிஜனுக்குக் குறையே இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மீன் மட்டும் ஒருக்களித்து விழுந்து கிடக்கிறது, தொட்டால் தள்ளாடி நீந்திவிட்டு மறுபடி சாய்கிறது.

ஏர் ஸ்டோன் குளத்தின் அடியில் கிடக்கிறதா? பம்ப் அடியில் இருந்து இழுத்து அருவியில் கொட்டுகிறதா? அப்படியானால் அந்த 4 டிகிரி மெத்தையை நீங்களே உருவி, உறைகிற காற்றில் காட்டி, குளிர்ந்த தண்ணீராகத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சில ராத்திரியிலேயே அடித்தண்ணீரும் மேல்தண்ணீரும் ஒன்றாகி 1 டிகிரிக்கு வந்துவிடும். கோய் மீன்கள் 2 டிகிரிக்குக் கீழே தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

சந்தேகமாக இருந்தால் அளந்துவிடுங்கள். ஒயரோடு வரும் முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து, முனையில் ஒரு கல்லைக் கட்டி, ஓட்டை வழியாக அடிவரை இறக்குங்கள், ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 3, 4 டிகிரி காட்டினால் இது வேறு கோளாறு. 2க்குக் கீழே காட்டினால் அருவியை உடனே நிறுத்துங்கள், ஏர் ஸ்டோனை மேலே தூக்கி நீர்மட்டத்துக்குக் கீழே 20, 30 சென்டிமீட்டரில், செடி வைக்கும் படிக்கட்டில் வையுங்கள். குமிழியின் வேகத்தையும் குறைக்கலாம்; ஓட்டை மூடாமல் இருக்கிற அளவு போதும். அதன்பிறகு கை வைக்காதீர்கள். வெந்நீரை ஊற்றிச் சட்டென்று சூடேற்ற ஆசை வரும், சாய்ந்து கிடக்கும் மீனுக்கு அந்தத் திடீர் மாற்றமே எமன். பூமியின் சூடு அடியிலிருந்து மெல்ல ஏறி அந்த மெத்தையைத் திரும்பப் போட்டுக்கொள்ளும்.

குளம் 45 சென்டிமீட்டர்தான் ஆழம் என்றால் அந்த மெத்தை தங்குவதற்கே இடம் இல்லை. கடுங்குளிர் ஊர்களில் ஒரு மீட்டருக்குக் குறையாத ஒரு பள்ளமாவது வேண்டும். இல்லாதவர்கள் இலையுதிர்காலத்திலேயே மீன்களை உள்ளே ஒரு தொட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது, நடுக்குளிரில் மாற்றுவது நல்லதல்ல.

மீன்கள் ஓட்டைக்குக் கீழே கூடி வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, அல்லது முட்டை அழுகின வாடை வருகிறது

இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு முகம், இதுதான் அவசரம்.

குளிர்ந்த தண்ணீர் ஆக்சிஜனை நிறையவே பிடித்து வைக்கும்: 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம்வரை, 25 டிகிரியில் 8.3தான். மீனும் குளிரில் மிகக் குறைவாகத்தான் மூச்சுவிடுகிறது. அப்படியிருந்தும் மூச்சு திணறுகிறது என்றால் வேறு எதுவோ ஆக்சிஜனைத் தின்கிறது. அது அடியில் கிடக்கும் இலைச் சேறு. அழுகும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும், ஆக்சிஜன் தீர்ந்ததும் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கிளம்பும். முட்டை அழுகின வாடை பின்னதுதான், மீனுக்கு அது நேரடி நஞ்சு.

செய்ய வேண்டியது: ஓட்டையைப் பெரிதாக்குங்கள், முடிந்தால் எதிர்ப்பக்கம் இன்னொன்று. ஏர் ஸ்டோனை மேல்மட்டத்தில் வைத்து நன்றாக ஓட்டுங்கள். பனிக்கட்டியின் மேல் குவிந்த தூள்பனியைத் துடைப்பத்தால் கரையில் நின்றபடி எட்டும் அளவு தள்ளிவிடுங்கள். பனிக்கட்டி தெளிவாக இருந்தால் வெளிச்சம் இறங்கும், வெளிச்சம் இறங்கினால் பாசி அந்தக் குளிரிலும் கொஞ்சம் ஆக்சிஜன் செய்துகொண்டிருக்கும். மேலே தூள்பனி மூடினால் அந்தத் தொழிற்சாலைக்குப் பூட்டு. வாடை பலமாக இருந்தால் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை மெதுவாக, மேலாக விடலாம், அடுத்த நாள் இன்னொரு பங்கு.

செய்யக்கூடாதது: வலையை விட்டு அந்தச் சேற்றை அள்ளுவது. சேற்றுக்குள் அடைபட்டிருக்கும் வாயு முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீரில் கலந்துவிடும். சேறு வாரும் வேலை இலை உதிர்ந்து முடிந்ததும், குளம் உறைவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, இப்போது அதற்கு நேரம் கடந்துவிட்டது. ஆகாயத்தாமரை, வெப்பநாட்டு அல்லி போன்றவை முதல் உறைபனியிலேயே கருகி உள்ளே விழுந்து அழுகும், அவற்றையும் அப்போதே எடுத்திருக்க வேண்டும்.

தங்கமீன் மட்டும் உள்ள குளம் இந்தக் கட்டத்தில் ஆச்சரியப்படுத்தும். ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்தாலும் தங்கமீனும் அதன் சொந்தக்கார மீனான குரூசியன் கெண்டையும் உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனால் சாராயமாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே விட்டு உயிர்பிழைக்கத் தெரிந்தவை. குடிமகன்கள்தான். கோய்க்கு அந்த வித்தை தெரியாது, அதனால் இரண்டும் சேர்ந்த குளத்தில் முதலில் போவது கோய்.

மீன் அடியில் அசையாமல் கிடக்கிறது, செத்துவிட்டதா?

நிமிர்ந்து, துடுப்பை ஒடுக்கி, கூட்டமாக ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தால் தூங்குகிறது. டார்ச் அடித்து ஒரு நிமிடம் செவுளைப் பாருங்கள், மிக மெதுவாக அசையும். குச்சியால் குத்திப் பார்க்க வேண்டாம். பசிக்குமே என்று இரையும் போட வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே மீனின் வயிறு கிட்டத்தட்ட வேலைநிறுத்தத்தில் இருக்கும், தின்றது செரிக்காமல் உள்ளேயே அழுகும், தின்னாதது குளத்தில் அழுகும்.

நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது

அருவி ஓடுகிறதா? அப்படியானால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாறை இடுக்கில் உறையும் பனி கொஞ்சம் கொஞ்சமாக அணை கட்டும், தண்ணீர் அந்த அணையைச் சுற்றி லைனருக்கு வெளியே வழி கண்டுபிடித்துவிடும். மேலே பனி பளபளவென்று இருப்பதால் கீழே மண்ணுக்குள் ஒழுகுவது கண்ணில் படாது. குளம் வற்றி, பம்ப் வெறுமனே ஓடி, மோட்டார் எரிந்த பிறகுதான் விஷயமே தெரியும், எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அருவியை நிறுத்துங்கள். ஓட்டைக்குள் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கோடு போட்டு ஒரு நாள் விடுங்கள். மட்டம் நின்றுவிட்டால் காரணம் அருவி, வசந்தம்வரை ஓட்ட வேண்டாம். அப்போதும் இறங்கினால் கரையைச் சுற்றி வாருங்கள்: மண்ணில் இருக்கும் ஈரம் உறைந்து ஒரு பக்கக் கரையைத் தூக்கி இன்னொரு பக்கத்தைத் தாழ்த்தியிருக்கலாம், லைனரின் விளிம்பு மடங்கி உள்ளே சரிந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். மட்டம் ஏதோ ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும், கசிவு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மீன் இருக்கும் பள்ளத்தில் போதுமான ஆழம் இருந்தால் குளிர்காலத்தில் ஒட்டுப்போடும் வேலையில் இறங்க வேண்டாம், கோடு தாண்டாமல் தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருங்கள்.

மட்டம் இறங்கியதால் பனிக்கட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இடைவெளி வந்திருந்தால் மீனுக்கு அது ஒன்றும் கெடுதல் இல்லை. அந்தப் பனிக்கட்டி அந்தரத்தில் தொங்குகிறது, அதுதான் கவலை. ஒரு நாயின் எடையைக்கூட அது தாங்காமல் போகலாம். குழந்தைகள் வரும் வீடென்றால் குளத்தைச் சுற்றி வேலி போட்டுவிடுங்கள்.

குழாய் வெடித்துவிட்டது, ஃபில்டரில் விரிசல்

தண்ணீர் உறைந்தால் கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், எந்தப் பிவிசி குழாயும் அதற்கு முன் நிற்காது. வெடித்தது தெரிந்ததும் பம்பைப் போட்டுப் பார்க்காதீர்கள், உள்ளே இன்னும் பனி அடைத்திருக்கும். தானாக உருகும்வரை விட்டு, வடித்து, அப்புறம் எத்தனை இடத்தில் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு இடத்தில் விரிசல் தெரிந்தால் பெரும்பாலும் இன்னும் இரண்டு இருக்கும்.

முழுக்க வடித்தும் வால்வு மட்டும் வெடித்ததா? திருகும் பந்து வால்வை முழுக்க மூடினாலும் முழுக்கத் திறந்தாலும் பந்தைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் சிறைப்படும். வடித்தபின் கைப்பிடியைப் பாதித் திருப்பத்தில், சாய்வாக விட்டுவிட்டால் அந்தத் தண்ணீரும் வெளியேறிவிடும். யுவி விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடிக் குழலைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுங்கள். தண்ணீருக்குள் ஓடும் பம்பை உறையாத இடத்தில் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைத்தால் சீல் காய்ந்து விறைக்காது.

சிமெண்டுச் சுவரில் விரிசல்

பனி பக்கவாட்டில் தள்ளுவதால் வருவது. செங்குத்தான சுவருக்குத்தான் இது அதிகம், சரிவான சுவரில் பனி மேலே வழுக்கிவிடும். ஒரு மரக்கட்டையும் சில ரப்பர் பந்துகளும் மிதக்கவிட்டால் அழுத்தத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், முழுக்க வாங்கும் என்று சொல்ல மாட்டேன். விரிசலைக் குளம் காய்ந்திருக்கும்போதுதான் அடைக்க முடியும்.

பனி உருகியாயிற்று, இப்போதுதான் மீன் சாகிறது

குளிர்காலத்தைத் தாண்டிய மீன் வசந்தத்தில் சாவது பலரையும் குழப்புகிறது. தண்ணீர் 5 டிகிரியிலிருந்து 15 டிகிரிவரை ஏறும் அந்தச் சில வாரங்களில் நோய்க் கிருமிகள் முதலில் விழித்துக்கொள்கின்றன, மீனின் எதிர்ப்புச் சக்தி பின்னால்தான் எழுந்து வருகிறது. ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் அதே மாதிரி சோம்பல். வெயில் அடித்த சந்தோஷத்தில் நாம் இரையை அள்ளிப் போட்டால் அம்மோனியா ஏறும், அதைத் தின்ன ஆள் இருக்காது.

சோதனைக் கிட்டில் அம்மோனியா தெரிந்தால் இரையை நிறுத்தி, தண்ணீரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு மாற்றுங்கள். உடம்பில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை, ஏற்கனவே இருக்கும் காயத்தின் மேல்தான் அது வரும். அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 3 கிராம் அயோடின் சேராத உப்பைக் கரைத்து ஊற்றலாம், ஒரே தடவையில் கொட்டாமல் ஓரிரு நாளில் பிரித்து. குளத்துக்குள்ளேயே உப்புப் போட்டால் செடிகள் பாதிக்கும், ஃபில்டரில் சியோலைட் இருந்தால் அது பிடித்து வைத்த அம்மோனியாவையெல்லாம் உப்புத்தண்ணீரில் திரும்பக் கக்கிவிடும்.

இரையை எப்போது தொடங்கலாம் என்றால், காற்றின் வெப்பத்தைப் பார்க்காதீர்கள், குளத்துத் தண்ணீர் ஒரு வாரமாவது 10 டிகிரிக்கு மேலேயே நிற்க வேண்டும். முதலில் கோதுமை முளை சேர்ந்த இரை, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. செத்த தவளை மிதந்தால் எடுத்துவிட்டு, அடியில் சேறு எவ்வளவு இருக்கிறதென்று பாருங்கள், தவளைகளும் அடியிலேயே படுத்துத் தோல் வழியாக மூச்சுவிடுபவை, அவை நிறையச் செத்திருந்தால் குளிர்காலத்தில் அங்கே ஆக்சிஜன் தீர்ந்திருக்கிறது.

தண்ணீர் பச்சையாகிவிட்டதா? மருந்து எதுவும் வேண்டாம், அல்லி இலை மேலே வந்து பரவும்வரை விட்டுவிடுங்கள்.